பயந்தாங்கொள்ளியா, மாலைக்கண்ணா?

கேள்வி: என் ஏழு வயது மகன் காய்கறியைத் தொடுவதே இல்லை. வைட்டமின் ஏ மாத்திரை வாங்கித் தினமும் கொடுக்கலாமா? மற்றபடி நன்றாக இருக்கிறான். இருட்டினால் மட்டும் வாசலுக்குக்கூடப் போக மாட்டான், படியில் தடுக்கி விழுவான். பயந்தாங்கொள்ளி என்று அவன் அப்பா திட்டுகிறார்.

பதில்: காய்கறி சாப்பிடாத பிள்ளைகளைப் பற்றிக் கடிதம் வராத வாரமில்லை. ஆனால் அம்மா, ‘மற்றபடி நன்றாக இருக்கிறான்’ என்று எழுதிய கையோடு, இருட்டில் தடுக்கி விழுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்பப் படித்தீர்களா?

பகலில் சரியாக நடக்கும் பிள்ளை பொழுது சாய்ந்ததும் தடுமாறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மாலைக்கண். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு ரோடாப்சின் என்ற நிறமி வேண்டும். வைட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே போய்விடலாம்.

தனக்குக் கண் தெரியவில்லை என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. எல்லாருக்கும் இருட்டு இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வான். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய தகப்பன் பட்டப்பெயர் வைக்கிறார், நீங்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். விழுந்த பிள்ளையை ஏன் விழுந்தான் என்று விசாரிக்காத பெற்றோருக்கு அவனைத் திட்ட என்ன உரிமை?

இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். வெண்விழியில் நுரை போன்ற திட்டு தெரிந்தால் நாளைக்கே போங்கள். அண்மையில் தட்டம்மையோ நீடித்த வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பரம்பரை விழித்திரை நோயும் இப்படித் தொடங்குவதுண்டு. அதனால் அப்பாவும் கூட வர வேண்டும், அவர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பார்கள்.

மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கொழுப்பில் கரையும் சத்து இது. மிஞ்சினால் சிறுநீரில் போகாது, கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும். இந்த வயதில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும், ரெட்டினாலாக, அதாவது மாத்திரையிலும் ஈரலிலும் நேரடியாக உள்ள வைட்டமின் ஏ-வாக, 900-ஐத் தாண்டக் கூடாது. குறைபாடு உறுதியானால் மருத்துவர் அதைவிடப் பெரிய அளவு கொடுக்கலாம். அது அவர் கண்காணிப்பில் நடப்பது.

சாப்பாட்டில் முட்டை, பால், வெண்ணெய், எப்போதாவது சிறிது ஈரல் கொடுங்கள். கேரட்டையும் கீரையையும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமையுங்கள். அவற்றிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில்லாமல் உடலில் சரியாகச் சேராது.

அந்தப் பட்டப்பெயரை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மறுத்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள்.