எண்ணெய் குடித்த தளத்தில் லெவலிங் காம்பவுண்டு பிடிக்குமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் இரண்டாங்கட்டு அறையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் நடுவில் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. அதை ஒட்டிய நடைவழியில் பிற்காலத்தில் வழவழப்பான செராமிக் டைல்ஸ் போட்டிருக்கிறோம். இரண்டின் மேலும் லெவலிங் காம்பவுண்டு (நீரில் கலந்து ஊற்றினால் தானே பரவிச் சமமாகும் சிமெண்டுக் கலவை) ஊற்றிச் சமப்படுத்தி, அதன்மேல் வினைல் விரிப்பு ஒட்ட எண்ணுகிறோம். தரையைத் துடைத்துவிட்டு நேரே ஊற்றினால் போதும், பிடிப்புக்காக முதலில் பூசும் பிரைமர் வீண் செலவு என்கிறார் கொத்தனார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியன்று, அம்மா. லெவலிங் காம்பவுண்டு மெல்லிய படலமாகப் பரவி, தனக்குக் கீழே உள்ள மேற்பரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால், காய்ந்து சுருங்கும்போதே அது விளிம்புகளில் தூக்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறான குணம் உடையவை என்பதால், ஒரே பிரைமரை இரண்டுக்கும் பூசுவதும் பொருந்தாது.

செராமிக் டைல்ஸின் மேல் உள்ள கண்ணாடிப் பூச்சு நீரை உறிஞ்சாது. அதற்கென்றே மணல் துகள் கலந்த பிரைமர் விற்கிறார்கள். அது காய்ந்தபின் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். சோப்புப் படலம் நீங்கக் கழுவி, தளர்ந்த டைல்ஸ்களைப் பெயர்த்து மீண்டும் பதித்து, அந்தப் பிரைமரைப் பூசினால் நடைவழி வேலை முடிந்தது.

ஆத்தங்குடிக் கல்லின் கதை வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே உருவாக்கப்படும் கல் அது. ஆகவே இயல்பில் நீரை உறிஞ்சும். உறிஞ்சும் தளத்தில் பிரைமர் இல்லாமல் ஊற்றினால், காம்பவுண்டு இறுகுவதற்குத் தேவையான நீரைக் கல் இழுத்துக்கொள்ளும். கல்லுக்குள் இருந்த காற்று குமிழியாக மேலே வந்து ஊசித்துளைகளை உண்டாக்கும். இதைத் தடுக்க, உறிஞ்சும் தளத்துக்கான அக்ரிலிக் பிரைமர் வேண்டும். தச்சு வேலைக்குரிய வெள்ளைப் பசையை நீரில் கரைத்துப் பூசுவது பெருந்தவறு. ஈரம் பட்டால் அது மீண்டும் இளகிவிடும்.

ஆனால் நம் வட்டார வீடுகளில் அப்பத்தாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தே அந்தத் தளத்துக்கு மெருகேற்றினார்கள். எண்ணெய் குடித்த கல்லில் இந்தப் பிரைமர் சரியாக ஒட்டாது. சில இடங்களில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: சில நிமிடங்களில் கல் கறுத்து நீரை உள்வாங்கினால் நல்லது, நீர் முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். எண்ணெய் நீக்கும் கரைசலை இளஞ்சூட்டு நீரில் கலந்து தேய்த்து, நல்ல நீரால் பலமுறை அலசி, நன்றாக உலரவிட்டு, மறுபடியும் சொட்டு விட்டுச் சோதிக்க வேண்டும். ஆசிட் ஊற்ற விடாதீர்கள். சிமெண்டுக் கல்லையும் அடியில் உள்ள சுண்ணாம்பையும் அது அரித்துவிடும். கழுவியும் எண்ணெய் போகாவிட்டால் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் இயந்திரம்தான் வழி. அப்போது பூவேலைப்பாடு போய்விடும்.

ஈரத்தையும் பார்த்தாக வேண்டும். பழைய வீடுகளின் தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்பு இராது. மண்ணின் ஈரம் சுண்ணாம்புப் படுகை வழியாக ஏறி, கல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு பகல் ஓர் இரவு விட்டு எடுத்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் அங்கே வினைல் ஒட்டவே கூடாது. வெளியேற வழியில்லாத ஈரம் பசையை இளக்குவதோடு, சுவரின் அடிப்பகுதிக்குச் சென்று சுண்ணாம்புப் பூச்சையும் உதிர்க்கும்.

என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் மட்டும் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்றால், குறை கல்லில் இல்லை, அதன் படுகையில்தான் இருக்கிறது; அது இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தால் மேலே ஊற்றுவதும் வெடிக்கும். அந்தப் பகுதிக் கற்களை எண்ணிட்டுக் கவனமாகப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்து, அதே கற்களைத் திரும்பப் பதிப்பதே நான் விரும்பும் வழி. ஒருமுறை காம்பவுண்டு ஊற்றிய ஆத்தங்குடித் தளத்தைச் சேதமின்றி மீட்க முடியாது.

ஊற்றுவது என்றே முடிவு செய்தால், சுவரோரம் எங்கும் மெல்லிய நுரைப்பட்டை வைத்து, பிரைமர் தேங்காமல் பூசி, அது காய்ந்தபின் காலை வெயில் ஏறுமுன் சன்னல்களை அடைத்துக்கொண்டு ஊற்றச் சொல்லுங்கள். அதற்கு முன்பாகக் கட்டில் மறைக்கும் மூலையில் ஒரு சதுர அடி மட்டும் ஊற்றி, ஒரு வாரம் கழித்து உளியால் பெயர்த்துப் பாருங்கள். கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தால் முழு அறைக்கும் ஊற்றலாம். வழுக்கிக்கொண்டு தகடாகக் கழன்று வந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை. காம்பவுண்டு மூட்டைகளைப் பிரிக்க வேண்டாம்.