கை மரத்துப் போனதற்கு ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி (2024 ஆகஸ்ட்): திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2019 நவம்பர் 18 முதல் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். வயது 38. ஏப்ரலில் இருந்து வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகின்றன. ராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தனியார் டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுத்து 'கார்ப்பல் டனல்' (மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் நோய்) என்றும் ஆபரேஷன் செய்தால் நல்லது என்றும் சொன்னார். 13,000 சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், ஒன்றரை ஷிப்ட் காசு தனியாகக் கையில் வரும். சூப்பர்வைசர், 'சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்னு எழுதிக் கொடு, கணக்கு முடிச்சிடலாம்' என்கிறார். ஐந்து வருடம் ஆகாததால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கிடையாதாம். பக்கத்து வீட்டு அண்ணனோ, கம்பெனியில் வழுக்கி விழுந்ததாக எழுது, 90 சதவீதச் சம்பளம் வரும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில் (2024 ஆகஸ்டில் இருந்த சட்டப்படி): சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். வெறும் தாளில் கையெழுத்து கேட்டாலும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், 'என் விருப்பமில்லாமல் வாங்கிய கையெழுத்து, நான் வேலையை விடவில்லை, சிகிச்சையில் இருக்கிறேன்' என்று நாலு வரி எழுதி சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் இன்றே அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நாளைக் காலையில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பிறகும் ஏன் தனியாரிடம் போனீர்கள் என்று கேட்க மாட்டேன், அங்கே நிற்கும் வரிசை எனக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டியது இ.எஸ்.ஐ டாக்டர் தரும் சான்றிதழ். நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், தினமும் எத்தனை மணி நேரம் மெஷினில் உட்காருகிறீர்கள் என்பதையும் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷன் தேவை என்றால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள், கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது, செலவு இல்லை.

ஏன் சான்றிதழ், சான்றிதழ் என்று அடித்துக்கொள்கிறேன் என்றால், 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ சட்டத்தின் 73-ம் பிரிவு அதை வைத்துத்தான் உங்களைக் காக்கும். இ.எஸ்.ஐ தரும் நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களிலோ, முறைப்படி சான்றளிக்கப்பட்ட நோயால் வேலைக்கு வராத நாட்களிலோ முதலாளி உங்களை நீக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. அந்த நாட்களில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. சான்றிதழ் இல்லாமல் வீட்டில் இருந்தால், 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் பணம். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் நீங்கள் திட்டத்துக்குள் வருகிறீர்கள். இந்த ஜூலை முதல் டிசம்பர் வரையில் நோய்க்காலப் பணம் வாங்க, போன அக்டோபர் முதல் இந்த மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டியிருக்கிறார்களா என்பதை உமங் என்ற அரசு செயலியிலோ கிளை அலுவலகத்திலோ உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், 91 நாட்கள் வரை கிடைக்கும். 13,000-ஐ 26 நாளால் வகுத்தால் தினம் 500, அதில் 70 சதவீதம் 350 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் காசு கிடையாது. கையில் வாங்கிய ஒன்றரை ஷிப்ட் காசு இந்தக் கணக்கில் வராது. உண்மையில் ஓவர்டைம் கூலிக்கும் சந்தா கட்டத்தான் வேண்டும், கட்டாமல் விட்டதில் கம்பெனிக்கு மிச்சம், உங்களுக்கு இப்போது நஷ்டம்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன 90 சதவீதம் பொய் இல்லை, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அப்படித் தருகிறார்கள். ஆனால் நீங்கள் விழவில்லையே. இ.எஸ்.ஐ-யிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினால் 84-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், ஏப்ரல் மாதத் தனியார் சீட்டில் 'விரல் மரத்துப்போதல்' என்றும் ஆகஸ்ட் சீட்டில் 'வழுக்கி விழுந்தது' என்றும் இருந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

பொய் சொல்லாமலே, வேலையால் வந்த நோய் என்று கேட்கலாமே என்பீர்கள். நியாயம்தான், ஆனால் சட்டம் இங்கே கை விரித்துவிடுகிறது. தொழில்சார் நோய்கள் என்று இ.எஸ்.ஐ சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் உண்டு, இரைச்சலால் காது கேட்காமல் போவது உண்டு, மணிக்கட்டு நரம்பு நோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும் (52ஏ பிரிவு). தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்த வலிக்கு எந்த நாளை விபத்து நாள் என்று சொல்வது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இலேயே தன் தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனலைச் சேர்த்துவிட்டது, நம் சட்டம் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போதாததற்கு சர்க்கரை, தைராய்டு, கர்ப்ப காலம், முடக்குவாதம் இதிலெல்லாமும் இந்த நோய் வரும் என்பதால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே 'உங்களுக்கு சுகர் இருக்கா?' என்றுதான் இருக்கும். வழக்கே போடக்கூடாது என்று சொல்ல மாட்டேன், உங்கள் நிலையில் அதை நம்பிக் கையில் இருப்பதை விட வேண்டாம் என்கிறேன்.

இப்போது கிராஜுவிட்டி. உங்கள் கடிதத்திலேயே எனக்கு உறுத்தியது அந்தத் தேதிதான். 2019 நவம்பர் 18. அதாவது இந்த வருடம் நவம்பர் 17-ஆம் தேதியோடு உங்களுக்கு ஐந்து வருடம் முடிகிறது, ராஜினாமாவை ஆகஸ்டிலேயே கேட்கிறார்கள்! தெரிந்தே கேட்கிறார்களா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நோயால் விடுப்பில் இருந்தாலும் பணித் தொடர்ச்சி அறுந்துபோகாது என்று 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டமே சொல்கிறது. ஆகஸ்ட் கடைசியில் சான்றிதழோடு விடுப்பில் போனால் 91 நாள் முடியும்போது நவம்பர் கடைசி, நீங்கள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ஐந்து வருடம் முடிந்திருக்கும். வருடத்துக்கு 15 நாள் கூலி, 500 ரூபாய் வீதம் 7,500, ஐந்து வருடத்துக்கு 37,500.

ஒருவேளை கை சரியாகாமல், முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாத நிலை வந்து அதனால் வேலை போனால், ஐந்து வருட நிபந்தனையே கிடையாது. நோயால் வந்த இயலாமையும் அதில் அடங்கும். ஆனால் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்த தாள் அந்த வழியையும் அடைத்துவிடும்.

நாளைக்கு அவர்களே 'தொடர்ந்து உடம்பு சரியில்லை' என்று சொல்லி நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது, ஆட்குறைப்பு இழப்பீடும் வராது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஆபரேஷன் செய்தால் தேறும் என்று டாக்டர் சொல்லும் நோயை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கருத்து, அப்படி நீக்கினால் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு தையல் இரண்டு வாரத்தில் பிரித்துவிடுவார்கள், ஆனால் துணியை இழுத்துப் பிடிக்கிற பிடிமானம் திரும்ப மாதக் கணக்கில் ஆகலாம். அதனால் வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ் தரும்போது, கொஞ்ச காலம் செக்கிங் மாதிரி லேசான வேலை என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். தனியார் கம்பெனி அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் எழுத்தில் இருந்தால் மறுப்பது அவர்களுக்குச் சங்கடம்.

கடைசியாக ஒன்று. விடுப்பில் இருக்கும்போது, 'ஷிப்மென்ட் டைம், ஒரே ஒரு நாள் வந்து முடிச்சுக் கொடு' என்று போன் வரும். போகாதீர்கள். வேலை செய்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது, வாங்கினால் அதுவும் பொய்க்கணக்கு ஆகிவிடும், அந்த ஒரு நாள் வருகைப் பதிவைக் காட்டியே 'கை நன்றாகத்தானே இருக்கிறது' என்றும் சொல்வார்கள்.