பழைய டிக் மெஷின்: ஆர்க் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: வீட்டு கராஜில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இதுவரை ராடு வெல்டிங் மட்டும்தான். இனி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), மெல்லிய தகடு, முடிந்தால் அலுமினியமும் செய்ய ஆசை. புது டிக் மெஷின் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, ஆர்கான் கேஸ் மூடலில் ஒட்டுவது) கட்டுப்படியாகவில்லை. தொழிற்சாலையிலிருந்து கழித்த 300 ஆம்பியர் மெஷின் ஒன்று நல்ல பிராண்டில், பாதிக்கும் குறைவான விலைக்கு வருகிறது. வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பிராண்டையும் விலையையும் சொன்ன நீங்கள் அது எத்தனை பேஸில் ஓடும் என்பதைச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான். தொழிற்சாலையில் ஓடிய பெரிய மெஷின்கள் பெரும்பாலும் மூணு பேஸ். வீட்டு இணைப்பு பெரும்பாலும் சிங்கிள் பேஸ். வாங்க ஆள் கிடைக்காமல்தான் அந்த விலைக்கு இறங்கியிருக்கிறது என்பது பல சமயம் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் புரியும்.

மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வரும் வோல்டேஜ், எத்தனை பேஸ், உச்சத்தில் எவ்வளவு கரண்ட் இழுக்கும், சராசரியாக எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். சிங்கிள் பேஸ் என்று போட்டிருந்தாலும் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் 250 ஆம்பியர் வகை, முழு லோடில் 230 வோல்ட்டில் 80, 90 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. வீட்டு மெயின் அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். தகட்டின் போட்டோவை அவரிடமே காட்டுங்கள். ஒயரும் பிரேக்கரும் எந்த அளவில் போட வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இன்னொன்று, உங்களுக்கு 300 ஆம்பியர் தேவையே இல்லை. இரும்புக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. தகட்டுக்கு 120 போதும். எஸ்.எஸ்.ஸுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அலுமினியம் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் கூடுதலாக வேண்டும். 6 மி.மீ. அலுமினியம் என்றால் 200-ஐத் தாண்டும். கராஜ் வேலையில் அந்தக் கனம் எப்போதாவதுதான் வரும். 200 ஆம்பியர் மெஷின் ஒன்று உங்கள் வேலையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்துவிடும்.

எல்லாரும் அதிகபட்ச ஆம்பியரைக் கேட்கிறார்கள், குறைந்தபட்சத்தைக் கேட்பதில்லை. 1 மி.மீ. தகட்டின் ஓரத்தை ஓட்டையாக்காமல் ஒட்ட, மெஷின் குறைந்த ஆம்பியரிலும் ஆர்க்கை நடுங்காமல் பிடித்து நிற்க வேண்டும். கனமான வேலைக்கென்று செய்த பழைய மெஷின்கள் சில அந்த இடத்தில் திணறும். நீங்கள் டிக் வாங்குவதே மெல்லிய வேலைக்காகத்தான். கீழ் எல்லையும் உங்களுக்கு மேல் எல்லை அளவுக்கு முக்கியம்.

கேள்வி: நான் பார்த்த மெஷினில் ‘டிக்’ என்று எழுதியிருக்கிறது. விற்பவர் “அலுமினியமும் ஓடும்” என்கிறார். ஆனால் ஏசி, டிசி மாற்றும் சுவிட்ச் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் அது டிசி மெஷின். இரும்பு, எஸ்.எஸ்., செம்பு எல்லாம் ஓடும். அலுமினியத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும், மேலே தோல் அப்படியே நிற்கும், இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று சேராது. ஏசியில் கரண்ட் திசை மாறிக்கொண்டே இருக்கும். டங்ஸ்டன் பாசிட்டிவ் ஆகும் பாதியில் படலம் உடைந்து விலகும், நெகட்டிவ் ஆகும் பாதியில் சூடு உள்ளே இறங்கும். ஹீலியம் கேஸ் வைத்து டிசியிலேயே அலுமினியம் ஒட்டும் முறையும் உண்டு. அது தொழிற்சாலைக்கான வழி, கராஜுக்கு ஒத்துவராது.

‘டிக்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராடு வெல்டிங் மெஷின்கள் பலவற்றில் டிக் என்று போட்டிருப்பார்கள். டங்ஸ்டனைத் தகட்டில் தொட்டு எடுத்தால்தான் ஆர்க் பிடிக்கும், கேஸை டார்ச்சில் (டங்ஸ்டன் மாட்டிய கைப்பிடி) உள்ள திருகைக் கையால் திறந்து மூட வேண்டும். கற்றுக்கொள்ள அது தப்பில்லை. ஆனால் ஹெச்.எஃப். ஸ்டார்ட் (தொடாமலே ஆர்க்கைத் தாவ வைப்பது), தானாகத் திறந்து மூடும் கேஸ் வால்வு, கரண்டைக் காலால் ஏற்றி இறக்கும் மிதி மூன்றும் உள்ள மெஷினின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. அலுமினியம் ஆசை உண்மையாகவே இருந்தால் ஏசி–டிசி மெஷினுக்காகக் காத்திருங்கள். டிசி மெஷினைப் பின்னால் ஏசிக்கு மாற்றிக்கொள்ள வழி கிடையாது.

கேள்வி: பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் நல்லதா, எலெக்ட்ரானிக் போர்டில் ஓடும் இன்வெர்ட்டர் மெஷின் நல்லதா?

பழையதாக வாங்கும்போது இதை ரிப்பேர் பக்கமிருந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் நூறு கிலோவைத் தாண்டும், கரண்டைக் குடிக்கும், கராஜில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் கெட்டுப்போகிற பாகங்கள் அதிகமும் எளிமையானவை. ஸ்பார்க் கேப் (ஹெச்.எஃப். பொறி தாவும் இடைவெளி) தேய்ந்திருக்கும், கேஸ் வால்வு அடைத்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும், கான்டாக்டர் முனை கருகியிருக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் சரிசெய்துவிடுவார். முப்பது வருஷம் ஓடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்கள் இந்த வகையில்தான் அதிகம்.

இன்வெர்ட்டர் தூக்கிக்கொண்டு போகிற கனம்தான். கரண்ட் குறைவாக இழுக்கும். ஆர்க்கை நுணுக்கமாக மாற்றிக்கொள்ள ஏசி பிரீக்வென்சி, பேலன்ஸ், பல்ஸ் எல்லாம் இருக்கும். போர்டு போனால் மட்டும் கதை வேறு. உற்பத்தியாளர் அந்த மாடலை நிறுத்திவிட்டால் நல்ல பிராண்டாக இருந்தும் பயனில்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன், மாடல் நம்பரைச் சொல்லி மெயின் போர்டு இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். போர்டு விலை மெஷின் விலையை நெருங்கினால், அல்லது போர்டே கிடைக்காது என்றால், போகும்வரை ஓடட்டும் என்று நினைத்து அதற்கேற்ற விலையை மட்டும் கொடுங்கள்.

வீட்டுக்கு என்னுடைய தேர்வு, போர்டு இன்னும் கிடைக்கிற இன்வெர்ட்டர். மின் இணைப்பு தாங்கும், மெஷினை நகர்த்தப் போவதில்லை என்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மரைத் தயங்காமல் எடுக்கலாம்.

இன்வெர்ட்டரில் கண்ணால் பார்க்க வேண்டியது தூசி. காற்றுத் துவாரத்தின் வழியாக டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். சாதாரண மண் தூசி என்றால் பரவாயில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளப்போடு படிந்திருந்தால் அது கிரைண்டர் அடித்த இரும்புத்தூள், அதில் கரண்ட் பாயும். கிரைண்டிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்த மெஷின் என்று அர்த்தம். அதை நான் வாங்க மாட்டேன். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான சார்ஜ் நிற்கும்.

கேள்வி: நேரில் போனால் என்னென்ன சோதிக்க வேண்டும்? “சுவிட்ச் போட்டால் லைட் எரிகிறது, ஃபேன் சுத்துகிறது, கேஸ்தான் இல்லை” என்கிறார்.

ஃபேன் சுற்றுவதற்கும் வெல்டிங் ஆவதற்கும் சம்பந்தமில்லை. கேஸ் இல்லை என்றால் சிலிண்டரோடு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால், ஓடாத மெஷினுக்கு உள்ள விலையைப் பேசுங்கள்.

உங்கள் ஹெல்மெட், கையுறை, கூராகத் தீட்டிய புது டங்ஸ்டன், துடைத்துச் சுத்தம் செய்த எஸ்.எஸ். துண்டும் அலுமினியத் துண்டும் கொண்டுபோங்கள். அவர் கொடுக்கும் துருப்பிடித்த துண்டில் ஓட்டினால் தப்பு மெஷினுடையதா தகட்டினுடையதா என்று தெரியாது.

முதலில் டிசி. ஹெச்.எஃப். ஸ்டார்ட் உள்ள மெஷினில் டங்ஸ்டன் முனையைத் தகட்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து மிதியை அழுத்தினால், கண் இமைக்கும் நேரத்தில் ஆர்க் தாவ வேண்டும். சடசடவென்று பொறி மட்டும் வந்து ஆர்க் தாவவில்லை என்றால் முதலில் எர்த் கிளாம்ப்பையும் கேஸையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் தாவவில்லை என்றால் கோளாறு உள்ளே. பிடித்த பிறகு 15, 20 ஆம்பியருக்கு இறக்குங்கள். ஆர்க் அலையாமல், அணையாமல் நிற்க வேண்டும். மிதியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். கரண்ட் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், இடையில் துள்ளினால் மிதிக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. அது சின்ன செலவு, விலை குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஏசியில் அலுமினியம். இங்கேதான் மெஷினின் உண்மை தெரியும். உருகிய குட்டை கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். அதன் இரு பக்கமும் பனி படிந்தது போல வெளுப்பாக ஒரு கோடு விழ வேண்டும், ஆக்சைடு உடைந்து விலகிய தடம் அது. பேலன்ஸ் திருகு (ஏசியின் பாசிட்டிவ், நெகட்டிவ் பாதிகளின் பங்கை மாற்றுவது) உள்ள மெஷினில் அதைத் திருகினால் அந்த வெளுப்பு அகன்று குறுக வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால், அல்லது குட்டையின் மேல் மங்கலான தோல் விலகவே இல்லை என்றால், ஏசி பகுதியில் கோளாறு இருக்கலாம். கறுப்பாகப் புகை படிந்தால் அது பெரும்பாலும் கேஸ் குறை. எங்கேயாவது கசிகிறது, அல்லது துண்டு சுத்தமில்லை.

ஆர்க்கை நிறுத்தியதும் டார்ச்சை எடுக்காமல் அப்படியே பிடியுங்கள். கேஸ் சில வினாடிகள் ஓடி நிற்க வேண்டும். 10 ஆம்பியருக்கு ஒரு வினாடி என்பது பொதுவான கணக்கு. பிறகு டங்ஸ்டன் முனையைப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் கேஸ் ஒழுங்காக மூடியிருக்கிறது. நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேஸ் சீக்கிரம் நின்றிருக்கிறது, அல்லது காற்று உள்ளே வருகிறது. கேஸ் நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசிச் சோதனையைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் டூட்டி சைக்கிள் எழுதியிருக்கும். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அந்தக் கரண்டில் ஓட வேண்டும். அந்த ஆறு நிமிஷத்தைக் கனமான கழிவுத் துண்டு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள், ஆனால் முதலில் டார்ச் அந்த ஆம்பியரைத் தாங்குமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பாதியிலேயே சூட்டு விளக்கு எரிந்தால், கருகல் வாடை வந்தால், ஆர்க் பலவீனமானால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு சூடாக இருக்கும்போதே நிறுத்திவிட்டு மறுபடி ஆர்க் பிடியுங்கள். குளிர்ந்திருக்கும்போது அழகாக ஓடிவிட்டு, சூடானதும் பிடிக்காமல் போகிற மெஷின்கள் உண்டு. இரண்டு நிமிஷ டெமோவில் அது ஒருபோதும் தெரியாது. விற்பவர் பொறுமையிழந்தால் இழக்கட்டும். கொடுப்பது உங்கள் காசு.

கேள்வி: சிலிண்டர், டார்ச், வாட்டர் கூலர் எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். லாபம்தானே?

லாபமாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால். சிலிண்டர், ரெகுலேட்டர், டார்ச், மிதி எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் பழைய மெஷின் விலையை எட்டிவிடும். அதனால் முழு செட்டின் விலையை வைத்தே ஒப்பிட வேண்டும்.

சிலிண்டர் அவருக்குச் சொந்தமா, கேஸ் கம்பெனியின் வாடகை சிலிண்டரா என்று பாருங்கள். கழுத்தில் கம்பெனி பெயர் குத்தியிருந்தால் அதை விற்க அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம், நிரப்பும் இடத்தில் உங்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளவும் கூடும். சோதனைத் தேதி தாண்டியிருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள். உள்ளே இருப்பது சுத்த ஆர்கானாக இருக்க வேண்டும். மிக் வெல்டிங்குக்கான (கம்பி தானாக ஓடி உருகும் முறை) கார்பன் டை ஆக்சைடு கலவை டங்ஸ்டனைத் தின்றுவிடும்.

டார்ச்சின் மாடல் நம்பர் 17 என்றால் காற்றில் குளிர்வது, சுமார் 150 ஆம்பியர். 26 என்றால் 200. 20, 18 இரண்டும் தண்ணீரில் குளிர்பவை, தண்ணீர் ஓடாமல் ஆர்க் பிடித்தால் சீக்கிரமே கருகிவிடும். கூலரைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். பாசியும் வழவழப்பும் இருந்தால் பம்பும் குழாயும் அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. மிதியின் பிளக் மெஷினுக்கு மெஷின் மாறும். மிதி இல்லாத மெஷின் என்றால் பொருந்தும் மிதி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த நம்பரோடு ரசீது எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கராஜில் கார் வேலையும் செய்கிறேன். எண்ணெய்ப் பசையைப் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்யலாமா?

குளோரின் கலந்த பிரேக் கிளீனர் என்றால் கூடவே கூடாது. அதன் மிச்சம் ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். மிகக் கொஞ்சமாக மூச்சில் போனாலே நுரையீரலைக் கெடுக்கும், சில சமயம் மணிக்கணக்கில் கழித்துத்தான் அறிகுறி தெரியும். டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்த டப்பாவை வெல்டிங் நடக்கும் அறையிலேயே வைக்காதீர்கள். துடைக்க அசிட்டோன் போதும். அது எளிதில் தீப்பிடிக்கும், அதனால் முழுக்க உலர்ந்த பிறகு, டப்பாவையும் துணியையும் வெளியே வைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து ஆர்க் பிடியுங்கள். காரிலேயே நேரடியாக வெல்டிங் செய்வதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஹெச்.எஃப். ஸ்டார்ட் காரின் எலெக்ட்ரானிக்ஸைக் கெடுக்கக்கூடும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், மெஷின் வாங்கும் முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.