ஆயிரம் மைல் மிதித்து என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள சார்,

லண்டன் குரோய்டனில் ஐடி வேலையில் இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் வரும் கோடையில் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு மூலையான ஜான் ஓ குரோட்ஸ் வரை சைக்கிளில் போகிறார். ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடம் இருக்க முடியாமல் வேறு குடும்பத்தில் தற்காலிகமாக வளரும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறாராம். எல்லோரிடமும் ஸ்பான்சர் கேட்கிறார். எனக்கு இது உறுத்துகிறது. அவர் ஊர் சுற்ற நான் ஏன் பணம் தரவேண்டும்? அந்தக் குழந்தைகளுக்குத்தான் உள்ளாட்சி கவுன்சில் செலவு செய்கிறதே? ஒரு நாளாவது கூட வந்து ஓட்டு என்று வேறு கூப்பிடுகிறார். கல்லூரி முடித்தபின் நான் சைக்கிளைத் தொட்டதில்லை. போகலாமா?

ச., குரோய்டன்

அன்புள்ள ச.,

பணத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். இந்தப் பயணங்களில் சிலர் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கைக்காசிலிருந்து போடுவார்கள். வேறு சிலவற்றில், திரட்டும் தொகையிலிருந்தே அதற்கும் ஒரு பங்கு போகும். அப்படிப் போனால் கொடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே நிதி திரட்டுவோருக்கு உள்ள விதி. நண்பரிடம் நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கைக்காசு என்றால் தயங்காமல் கொடுங்கள். நீங்கள் அங்கே வரி கட்டுபவர். கிஃப்ட் எய்டு என்ற இடத்தில் ஒரு டிக் போட்டால், நீங்கள் கட்டிய வரியிலிருந்து அரசும் ஒரு பங்கு சேர்க்க, உங்கள் 100 பவுண்டு 125 ஆகப் போய்ச் சேரும்.

ஆனால் ஊர் சுற்றுவது என்று எழுதியதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கார்ன்வாலின் கடல் முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலைக்கு நேர் சாலையில் 874 மைல். லாரிகளுக்குப் பயந்து சிறு சாலைகளில் வளைந்து போனால் ஆயிரம் மைலைத் தொடும். பெரும்பாலானோர் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளும் என்றுதான் தெற்கிலிருந்து கிளம்புவது. அந்தக் காற்றையும் மீறி கார்ன்வாலும் டெவனும் ஆளைப் பிழிந்துவிடும். பெரிய மலை ஒன்றும் கிடையாது. ஒரு இறக்கத்தில் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த ஏற்றம் நிற்கும், அவ்வளவுதான். இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்து. விடுமுறையைக் கழிக்க இதைவிடச் சுகமான வழிகள் உண்டு.

அப்புறம், கவுன்சில் செலவு செய்கிறதே என்கிறீர்கள். செய்கிறது. வளர்க்கும் குடும்பத்துக்கு வாராவாரம் படி உண்டு. அங்கே பெரிய பஞ்சம் பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் வீடுகளுக்குத்தான். இங்கிலாந்தில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கவுன்சில்களின் பொறுப்பில் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் ஃபாஸ்டர் வீடுகளில். அந்த வீடுகளோ சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகின்றன. பக்கத்தில் வீடு கிடைக்காத பிள்ளை வேறு ஊருக்குப் போகும், பள்ளிக்கூடம் மாறும். அண்ணன் ஒரு வீட்டில், தங்கை ஒரு வீட்டில் என்று பிரிவதும் நடக்கிறது. அவசரமாகக் கூட்டிப்போகும்போது பெட்டி இருக்காது; உடுப்பு, பொம்மை, பள்ளிச் சப்பாத்து எல்லாம் குப்பைக்கான கறுப்புப் பையில் போகும். இதைப் பொறுக்காமல்தான் வட அயர்லாந்தில் 2015-இல் மேட்லக் என்ற பை நிறுவனம் தொடங்கியது. ஒரு பை விற்றால் பராமரிப்பில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு பை. கவுன்சில் கணக்கில் விட்டுப்போகும் இப்படிப்பட்டவற்றுக்கு நன்கொடை உதவும்.

வளர்க்க வீடில்லாவிட்டால் நல்ல குழந்தைகள் விடுதி கட்டலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். 2000-இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் விடுதிக் குழந்தைகள் 136 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேரைக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி தேறியது, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. அங்கே அப்போது ஃபாஸ்டர் குடும்பங்களே அரிது என்பதால் ஆய்வாளர்கள்தான் ஆள் தேடிப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் நண்பர் எத்தனை பவுண்டு திரட்டினார் என்பதைவிட, வழியில் டீ குடிக்க நிறுத்திய இடங்களில் எத்தனை பேர் "நாங்களும் வளர்க்கலாமா?" என்று விசாரித்தார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். பனியனில் அவர் நிதி திரட்டும் அமைப்பின் பெயரோடு, வளர்க்க விரும்புவோர் விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணையும் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிவரவு அலுவலகம் குரோய்டனில் இருப்பதால், பெற்றோர் துணையின்றி அடைக்கலம் கேட்டு வந்த பிள்ளைகள் பலரை நெடுங்காலமாக அந்தக் கவுன்சில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இடம் தேடும்போது அதன் மதம், இனம், பண்பாடு, மொழி நான்கையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது 1989-இன் குழந்தைகள் சட்டம். இட்லி வேகும், தமிழ் பேசும் வீடு பட்டியலில் இருந்தால்தானே கருத்தில் கொள்ள முடியும்? ஃபாஸ்டர் குடும்பமாக முன்வருபவரிடம் பொதுவாக 21 வயதும் ஒரு காலி அறையும் கேட்பார்கள். வாடகை வீடானாலும் பரவாயில்லை, திருமணம் ஆகியிருக்க வேண்டியதில்லை, பிரிட்டிஷ் குடியுரிமையும் கட்டாயமில்லை. அங்கே நிலையாக வசிப்பவராக இருந்தால் போதும். நீங்கள் பொருத்தமானவரா என்று பார்க்கும் விசாரணை முடிய ஆறு மாதம்போல ஆகும். தத்தெடுப்பதுபோல ஆயுள் பொறுப்பும் அல்ல. வார இறுதிக்கு மட்டும் பிள்ளையை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. உங்கள் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

கூட ஓட்டப் போவதானால் தாராளமாகப் போங்கள். கார்ன்வால் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். பலர் போகும் வழி செஷயர் ஊடாகச் செல்கிறது, அது சமவெளி. நண்பரின் வழியும் அதுவானால் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு முன் சில வாரம் வீட்டுப் பக்கத்திலேயே ஓட்டிப் பழகுங்கள். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் ஒன்று அவசியம் வாங்குங்கள். அதற்கு ஸ்பான்சர் கேட்டால் நான் தரமாட்டேன்.