சோப்ளாங்கி விசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் காவலூர் தொலைநோக்கியைக் காட்டக் கூட்டிப்போனோம். அதிலிருந்து ஓயாத கேள்விகள். 'ஐந்து நொடி புவியீர்ப்பு இல்லாமல் போனால்' என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, தூக்கத்தில் பறந்துவிடுவேன், கட்டிலோடு சேர்த்துக் கட்டு என்று துப்பட்டாவைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அடிப்படை விசைகள் நான்கு என்கிறார்களே, அதில் எது நின்றால் ரொம்ப மோசம்? இப்படியெல்லாம் நினைத்துப் பார்ப்பதில் பயன் உண்டா, வீண் பயம்தானா? சித்தர்கள் இதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டார்கள் என்கிறார் என் கணவர். அது உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டிவிட்டீர்களா இல்லையா, அதை எழுதவில்லையே. "போய்ப் படுடா" என்று விரட்டியிருந்தால் எனக்குக் கோபம் வரும். லேசாக ஒரு முடிச்சு போடுங்கள், அவனே உருவினால் வருகிற மாதிரி. பத்து நாளில் மறந்துவிடுவான்.

உங்கள் கணவரிடம் கேளுங்கள்: எந்தச் சித்தர், எந்தப் பாட்டு, எத்தனையாவது அடி? எடுத்துக் காட்டினால் உட்கார்ந்து பேசலாம். இல்லையென்றால் அவர்களை நிம்மதியாக விடுங்கள். வாட்ஸாப் வந்த நாளிலிருந்து அந்த மனிதர்கள் தலையில் நாம் ஏற்றாத பாரமில்லை.

அந்த வீடியோவில் ஆட்கள் பலூன் மாதிரி மிதந்திருப்பார்கள். சுத்தப் பொய். பூமியின் நடுவில் இருக்கும் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 35 லட்சம் மடங்குக்கு மேல். அத்தனையையும் அமுக்கி வைத்திருப்பது ஈர்ப்புதான். அது போன கணத்தில் தரையே நம்மைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். மாங்காய் எந்தக் கணக்கில் கீழே விழுகிறதோ அதே கணக்கில் மேலே, முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர். கால் தரையில்தான் இருக்கும். மிதக்கிற சுகம்கூடக் கிடைக்காது. மின்காந்த விசை நின்றால் அணு இல்லை. வலிமை மிகுந்த அணுக்கரு விசை நின்றால் அணுவுக்குக் கரு இல்லை. இந்த மூன்றுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்த எனக்கு இஷ்டமில்லை. போட்டாலும் படிக்க ஆளிருக்காது.

நான் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருப்பது நாலாவதைப் பற்றி. பாடப்புத்தகத்தில் அதற்கு 'வலிமை குறைந்த அணுக்கரு விசை' என்று பெயர். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் சோப்ளாங்கி விசை. அது எட்டுகிற தூரம் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். யாரும் வீடியோ போட மாட்டார்கள். ஏனென்றால் அது இன்று ராத்திரி நின்றுவிட்டால், நாளைக் காலை ஆற்காட்டில் பால்காரர் வருவார். மக்கன்பேடா கடை திறக்கும். வெயிலும் வழக்கம்போலக் கொளுத்தும்.

எனக்கு எரிச்சலே இங்கேதான். வெடித்தால்தான் விசை, இடிந்தால்தான் ஆபத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. நாலு ஃபேன் ஓடக் காணாது. உங்கள் மகனின் உடம்பு, அளவுக்கு அளவு வைத்துப் பார்த்தால், அதைவிட அதிகச் சூடு பிறக்கும் அடுப்பு. அதே அளவு இடத்தில் எருக்குழியில் பிறக்கும் சூடுதான் சூரியனிலும் பிறக்கிறது. குழி பெரிது, அவ்வளவுதான். ஏன் இந்த மந்தம்? இரண்டு புரோட்டான்கள் சேர வேண்டுமானால், சேர்கிற அந்தக் கண்ணிமைப்பில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்தது சோப்ளாங்கி ஒன்றுக்குத்தான். அது அவசரப்படாது. ஒரு புரோட்டான் தன் முறைக்குச் சராசரியாகக் காத்திருக்கும் காலம் ஏறத்தாழ 900 கோடி ஆண்டு. வலிமை மிகுந்த விசைக்கு அந்த வேலை தெரியாது.

சரி, அது நின்றால்? அப்போதும் சூரியன் பொசுக்கென்று அணையாது. தன் எடையாலேயே சுருங்கி, அந்தச் சூட்டில் சில கோடி ஆண்டு ஒளிரும். 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு என்ற விஞ்ஞானி சூரியனின் வயதைச் சொல்லப் போட்ட கணக்கு இது. வயதுக்குப் பொருந்தாமல் போனது, உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது.

அப்படியானால் முதலில் யாருக்குத் தெரியவரும்? வேலூரில் தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டுத் தனியறையில் இருப்பவருக்கு மருந்து வேலை செய்யாது. அதற்கும் முன்னால், பூமிக்கு அடியில் உட்கார்ந்து, நியூட்ரினோ என்கிற மின்சுமையில்லாத மிகச் சிறிய துகளுக்குக் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். (தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், நான் சொல்லப்போவது வேறு இடம்.) உங்கள் விரல் நகத்தின் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போகின்றன. அவற்றுக்கு நம்மைத் தொடத் தெரிந்த ஒரே கை இந்த விசைதான். கை போனால், அவை சூரியனிலிருந்து வந்துசேரும் எட்டு நிமிடத்துக்குக்கூடக் கருவி காத்திருக்காது. அந்த நொடியே ஊமையாகிவிடும்.

காவலூருக்கு மேலே ஏறிப்போய்ப் பார்த்தீர்கள், நல்லது. என் தாத்தா கீழே இறங்கினார். குடியாத்தத்துப் பக்கம் எங்கள் ஊர். ரயிலேறி பங்காருப்பேட்டையில் மாறி மாரிக்குப்பத்தில் இறங்கினால் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போனவர்களின் வேர்வைதான் அந்தச் சுரங்கம். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கருவி வைத்தார்கள். அதற்கு முன்பே இன்னும் ஆழத்தில் வைத்துப் பார்த்த கருவியில் வாரக்கணக்கில் எதுவுமே பதிவாகவில்லை. விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிட்டது. அந்த நிசப்தம் போதும், இங்கே நியூட்ரினோவைக் கேட்கலாம் என்று முடிவுசெய்தார்கள். 1965இல் கேட்டது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று அது. மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒன்று விழும். 2001இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

தாத்தாவுக்கு நியூட்ரினோ தெரியாது. "கேஜ்ல எங்களோட ஜப்பான்காரன் ஒர்த்தன் எறங்குவான். வானத்துலேர்ந்து வர்றத புடிக்கிறதுக்கு பூமிக்குள்ள எறங்குறானுங்கோ, இன்னா படிப்போ" என்பார். அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும் என்பார். பூமியின் உள்சூட்டில் ஏறத்தாழப் பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது. பொட்டாசியத்தைச் சிதைப்பது இதே சோப்ளாங்கி. அவர் வெந்ததில் அதற்கும் பங்குண்டு. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நான் இதைப் படித்துப் புரிந்துகொண்டபோது அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு வருவார். பாலாற்று மணல் பொரிகிற மாதம். ஊரே திண்ணை நிழலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அவர் மட்டும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் துணிதுவைக்கிற கல்லில், முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னத் தழும்புகள். நான் எண்ணுவேன், நடுவில் அவர் இருமிவிட்டால் கணக்கு தப்பிவிடும். "கருவாடா காஞ்சிபோவப் போற, உள்ள வாய்யா" என்று பாட்டி கத்துவாள்.

"தோ வரேன்" என்பார். எழுந்திருக்க மாட்டார்.