மால்வேர்னுக்கு இலகு ரயில்: மனுவில் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோ நகரில் ஸ்காபரோவின் மால்வேர்ன் பகுதியில் நெடுங்காலமாக வசிக்கிறோம். கெனடி நிலையத்திலிருந்து எங்கள் பகுதிவரை இலகு ரயில் வேண்டும் என்று எங்கள் குடியிருப்பாளர் சங்கம் கையெழுத்துத் திரட்டி மனுக் கொடுக்க எண்ணியுள்ளது. அந்த மனுவில் எதை எழுதினால் பயன் இருக்கும்? அதை யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்கும் பாதை கடதாசியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்போதைய மேயர் டேவிட் மில்லர் 2007இல் அறிவித்த இலகு ரயில் வலையமைப்பில் ஸ்காபரோ–மால்வேர்ன் பாதையும் ஒன்றாக இருந்தது. 2010 டிசெம்பரில் மேயராகப் பதவியேற்ற ரொப் ஃபோர்ட் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். பின்னர் அது எக்ளின்ரன் கிழக்கு இலகு ரயில் என்ற பெயரில் மீண்டும் வந்தது. இன்றைய வரைவின்படி அது கெனடி நிலையத்தில் தொடங்கி, எக்ளின்ரன், கிங்ஸ்ரன், மோர்னிங்சைட் வீதிகள் வழியாக ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைத் தொட்டு, ஷெப்பேர்ட் வீதியை அடைந்து, அங்கிருந்து ஒரு பக்கம் மால்வேர்னுக்கும் மறுபக்கம் மெக்கவன் வீதிக்கும் செல்கிறது. இரு கிளைகளையும் சேர்த்து மொத்த நீளம் ஏறத்தாழ 18.6 கிலோமீற்றர், நிறுத்தங்கள் 27. ஆகவே "எங்களுக்கு ரயில் வேண்டும்" என்று மட்டும் எழுதிய மனுவைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி, "திட்டம் ஆய்வில் உள்ளது" என்ற ஒரே வரியில் பதில் அனுப்பிவிட முடியும். அப்படிப் பதில் சொல்ல முடியாத கேள்விகளைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

அவற்றில் முதன்மையானது வேகம். 2025 டிசெம்பர் 7ஆம் திகதி திறக்கப்பட்ட ஃபிஞ்ச் மேற்கு இலகு ரயில் பாதை 10.3 கிலோமீற்றர் நீளமானது. அதில் 18 நிறுத்தங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகள் காத்திருந்த மக்கள் ஆவலோடு ஏறினார்கள். ஆனால் சில நாட்களிலேயே வண்டி மெதுவாக ஓடுகிறது என்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தது. சமிக்ஞை விளக்குகளில் ரயிலுக்குக் கூடுதல் முன்னுரிமை வழங்குமாறு மாநகரசபையே அதே மாதத்தில் தீர்மானம் நிறைவேற்ற நேர்ந்தது. வீதியின் நடுவே தனித் தண்டவாளம் போட்டுவிட்டால் வேகம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை அந்தப் பாதை காட்டியது.

ஒரு சந்தியில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் காரணம் விளங்கும். வண்டி சந்தியை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்து வரும் பச்சை இடப்பக்கம் திரும்பும் கார்களுக்கு உரியது. மூன்று கார்கள் திரும்பிப் போகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வண்டி நிற்கிறது. அதன் பிறகுதான் அதற்கு வழி கிடைக்கிறது. சந்தியைத் தாண்டியதும் நிறுத்தம் என்றால் அங்கே மறுபடியும் நிற்கிறது. இப்படிச் சந்திக்குச் சந்தி முப்பது, நாற்பது விநாடி போனால், 27 நிறுத்தங்கள் கொண்ட பாதையில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். இரு கிளைகளும் சேர்ந்த 18.6 கிலோமீற்றரை முழுவதும் சராசரியாக மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 56 நிமிடம் ஆகும். 25 கிலோமீற்றரில் ஓடினால் 45 நிமிடம் போதும். அந்தப் பதினொரு நிமிடத்துக்குப் புதிய சுரங்கம் தேவையில்லை. விளக்குகளை இயக்கும் விதத்தில் ஒரு முடிவு தேவை. ஆகையால் மனுவின் முதற்பக்கத்திலேயே இவ்வாறு கேளுங்கள்: ரயில் நெருங்கும்போது பச்சையை நீட்டவும் சிவப்பைச் சுருக்கவும் விளக்குகள் அமைக்கப்படுமா? இடப்பக்கம் திரும்பும் கார்கள் ரயில் கடந்த பிறகே விடப்படுமா? நிறுத்தங்கள் சந்தியைத் தாண்டிய பக்கத்தில் அமையுமா? நிறுத்தம் சந்திக்கு முன்னால் இருந்தால், பயணிகள் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை விளக்கின் கணினியால் சரியாக ஊகிக்க முடியாது; தாண்டிய பக்கத்தில் இருந்தால் அந்தச் சிக்கலே எழாது. முனையிலிருந்து முனைவரை இத்தனை நிமிடம் என்று மாநகரசபை ஓர் இலக்கை எழுத்தில் ஏற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது கெனடி நிலையம். எக்ளின்ரன் வீதி வழியாகக் கெனடிவரை வரும் இலகு ரயிலான ஐந்தாம் பாதையின் நேரடித் தொடர்ச்சியாக இது ஓடும் என்றே முன்பு எண்ணப்பட்டது. 2022இல் இதைத் தனிப் பாதையாக அமைப்பது என்ற திசைக்கு மாநகரசபை மாறியது. எனவே மால்வேர்னிலிருந்து வருபவர்கள் கெனடியில் இறங்கி மாற வேண்டியிருக்கும். பனிக்காலத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மாறும் தாய்க்கு அது எத்தனை மீற்றர் நடை, கூரை உண்டா, மின்தூக்கி எங்கே இருக்கிறது என்பவை வரைபடக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்படுபவை. தனிப் பாதை என்பதால் இதற்குத் தனிப் பணிமனையும் வேண்டும். அதற்கான நிலம் உறுதியாகாமல் வண்டிகள் வரமாட்டா. ஆகவே நிலத்தின் நிலை என்ன என்பதையும் மனுவில் வினவுங்கள்.

வீதியோரக் கடைகளை மறந்துவிடாதீர்கள். எக்ளின்ரன் மேற்கில் லிற்றில் ஜமெய்க்கா பகுதியின் சிறு வியாபாரிகள் ஐந்தாம் பாதையின் கட்டுமானத்தால் பட்ட பாட்டை இந்த நகரம் கண்டது. 2011இல் தொடங்கி, 2020இல் முடியும் என்று சொல்லப்பட்ட அந்த வேலை 2026 பெப்ரவரியில்தான் பயணிகளுக்குத் திறந்தது. எக்ளின்ரன் கிழக்கிலும் மோர்னிங்சைட்டிலும் நம்மவர்களின் பலசரக்குக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. கையெழுத்துக் கேட்டுப் போகும்போதே கடைக்காரரிடம் சரக்கு லொறி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வாசலில் நிற்கிறது என்று கேட்டுக் குறித்து வாருங்கள். நடுவே தண்டவாளம் வந்தால் பல இடங்களில் இடப்பக்கம் திரும்ப முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னர் தெரியவந்து எதிர்ப்பவரைவிட, முன்பே தெரிந்து நிபந்தனையோடு ஆதரிப்பவர் உங்களுக்குப் பெரிய பலம்.

ரயிலுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கெனடியிலிருந்து ஓடிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 யூலை 24இல் தடம் புரண்டு, அதன் பின் ஓடவேயில்லை. மாற்றாகக் கிடைத்தது பஸ்தான். எக்ளின்ரன் கிழக்கிலிருந்து பல்கலைக்கழக வளாகம்வரை 8.5 கிலோமீற்றருக்கு அதற்கு முன்பே, 2020 ஒக்ரோபரில், பஸ்ஸுக்கெனத் தனித் தடம் ஒதுக்கப்பட்டது. அதை மால்வேர்ன்வரை நீட்டும்படி இதே மனுவில் கேளுங்கள். சிவப்பு வர்ணம் பூசவும் பலகை நடவும் ஆகும் செலவு ரயிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 

யாரிடம் கொடுப்பது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஷெப்பேர்ட்–மெக்கவன்வரை நீளும் 7.8 கிலோமீற்றர் சுரங்க ரயிலை மாகாண அரசின் மெட்ரோலிங்ஸ் கட்டுகிறது. உங்கள் இலகு ரயிலைத் திட்டமிடுவதோ மாநகரமும், நகரின் பஸ்களையும் ரயில்களையும் இயக்கும் ரி.ரி.சி.யும். ஆகவே விளக்கு, நிறுத்தம், பஸ் தடம் பற்றிய கேள்விகள் உங்கள் மாநகரசபை உறுப்பினருக்கும் ரி.ரி.சி. நிர்வாக சபைக்கும் போக வேண்டும். கட்டுமான நிதி பற்றிய கேள்வி மாகாண, மத்திய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மாநகரசபையின் முழு அமர்வில் பொதுமக்கள் பேச முடியாது; குழுக் கூட்டங்களில் பேசலாம். இந்த விடயம் நிகழ்ச்சி நிரலில் வரும் நாளை உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டறிந்து, குழுச் செயலாளரிடம் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்யுங்கள். பொதுவாக ஐந்து நிமிடம் தருவார்கள். சங்கத் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் பேசுவதைவிட, விடியற்காலை வேலைக்குப் புறப்படும் ஒருவர் தன் வாசலிலிருந்து கெனடிவரை எந்த பஸ்ஸில், எத்தனை நிமிடம், எங்கே காத்திருந்து போகிறார் என்று ஒரு வாரம் எழுதிவைத்த குறிப்பை வாசிக்கட்டும். முடிக்கும்போது பயண நேர இலக்கைத் தீர்மானத்தில் சேர்க்கும்படி கேட்கட்டும்.