பேட் மாற்றச் சொன்னேன், டிஸ்க்கையும் மாற்றிவிட்டார்கள்

கேள்வி: காரின் முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டதால் சர்வீஸ் சென்டரில் விட்டேன். எஸ்டிமேட் 3,600 ரூபாய். மாலையில் போனால் பில் 11,900. இரண்டு பக்கமும் டிஸ்க்கை மாற்றியிருக்கிறார்கள். “டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தது சார். புது பேட் போட்டால் டிஸ்க்கும் மாற்றியாக வேண்டும். போன் பண்ணினோம், நீங்கள் எடுக்கவில்லை” என்கிறார் அட்வைசர். ஒரு மிஸ்டு கால் இருந்தது உண்மைதான். பழைய டிஸ்க்கைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்கிறார்கள். பணம் கட்டினால்தான் சாவி என்றதால் கட்டிவிட்டேன். தெரிந்த லேத்காரர் ஒருவர், “டிஸ்க்கின் பரப்பைச் சீவிக் கடைசல் பிடித்திருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்” என்கிறார். இது நடந்து ஆறு நாள் ஆகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒரு பகுதி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. முழுத் தொகையும் வந்துவிடும் என்று நினைத்து இறங்காதீர்கள். எதைச் சொல்லி வழக்குப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “கடைந்தே ஓட்டியிருக்கலாம், மாற்றியிருக்க வேண்டாம்” என்று போனால் தோற்கவே வாய்ப்பு அதிகம். “என்னைக் கேட்காமல் மாற்றினார்கள், அளந்ததற்குக் கணக்குக் காட்டவில்லை, கழற்றிய என் பொருளையும் தரவில்லை” என்று போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

முதல் வாதம் ஏன் நிற்காது என்று சொல்கிறேன். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருக்கிறார். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தக் குறைந்தபட்சத் தடிமனை மில்லிமீட்டரில் பொறித்தே அனுப்புகிறார்கள். புதிதாக 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு எல்லை 20 என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது 21.4 இருந்து, கோடும் ஆழமில்லை என்றால், லேசாகக் கடையலாம். பரப்பு சீராக இருந்தால் கடையாமலேயே புது பேட் போட்டு ஓட்டலாம். “பேட் மாற்றினால் டிஸ்க்கும் மாற்றியாக வேண்டும்” என்று பொதுவாக ஒரு விதி கிடையாது. ஆனால் 20.4 இருந்திருந்தால்? பக்கத்துக்குக் கால் மி.மீ. சீவினாலே எல்லைக்குக் கீழே போய்விடும். அப்போது மாற்றியதுதான் சரி. இதில் உங்கள் டிஸ்க் எந்த ரகம் என்று உங்களுக்கும் தெரியாது, கண்ணால் பார்க்காத லேத்காரருக்கும் தெரியாது.

இன்னொரு சங்கதி. பேட் உரசாத வெளி ஓரம் தேயாமல் நின்று ஒரு வரப்பு மாதிரி மேடாகிவிடும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். சாதாரண வெர்னியர் அளவுகோலை வைத்தால் அதன் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். உள்ளே தேய்ந்த இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால்தான் கணக்கு. ஆகவே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் நோட்டீஸில் “அளந்தீர்களா” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கருவியால், இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு, ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது போடும் வேலைச் சீட்டில்) எங்கே எழுதினீர்கள் என்று கேளுங்கள். “கோடு விழுந்திருந்தது” என்பது அளவு அல்ல.

இனி சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11), சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்கிறது. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடக்கம். எஸ்டிமேட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேலை செய்யுமுன் ஒரு மிஸ்டு காலோடு நிறுத்திக்கொண்டது கவனக்குறைவா, மறைப்பா என்பதை நுகர்வோர் ஆணையம் பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? மிஸ்டு கால் ஒருநாளும் சம்மதம் ஆகாது. நீங்கள் திருப்பிக் கூப்பிட்டு, “பார்த்துச் செய்யுங்க” என்று சொல்லியிருந்தால் மட்டும் கதை மாறும். அப்படி எதுவும் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வக்கீலிடம் மறைக்க வேண்டாம்.

ஜாப் கார்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். “தேவைப்படும் கூடுதல் வேலைகளைச் செய்ய ஒப்புக்கொள்கிறேன்” என்று பொடி எழுத்தில் இருக்கலாம். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். அவர்களுடைய முதல் பிடி அதுதான். அந்த வரியே நியாயமற்ற ஒப்பந்தம் என்று கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். அந்த வகைப் புகாரை மாநில ஆணையத்தில்தான் போட வேண்டும், இந்தத் தொகைக்கு அங்கே அலைவது வீண். “தேவைப்படும்” என்றுதானே எழுதியிருக்கிறது, தேவையைக் காட்டு என்று கேட்டாலே போதும்.

பணம் கட்டியதற்காக வருந்த வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் உழைப்பைச் செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஒப்படைத்த நோக்கத்துக்கு உட்பட்ட வேலைக்குத்தான் இந்த உரிமை; சொல்லாத வேலைக்கும் உண்டா என்று வாதாடலாம். ஆனால் இரவு ஏழு மணிக்கு கேஷ் கவுன்ட்டரில் நின்று வாதாட முடியாது. அடுத்த முறை பில்லின் மேலேயே “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு அவர்களுக்கு உதவும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. புது டிஸ்க் உங்கள் காரில்தானே ஓடுகிறது! முழுத் தொகை வராது என்று நான் சொன்னது இதனால்தான். கூடுதல் பில்லில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்குக் கொஞ்சம், வழக்குச் செலவு என்று கேட்பதே நியாயமான எதிர்பார்ப்பு. ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று எழுதிவைத்தால் உங்கள் மனுவின் மதிப்புதான் குறையும்.

இதற்கு நேர்மாறான வழக்கு வந்தால் நான் இதைவிடக் கவலைப்படுவேன். செலவைக் குறைக்கிறேன் என்று எல்லைக்குக் கீழே கடைந்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த டிஸ்க் சூடு தாங்காது, வெடிப்பு விடலாம். அங்கே போவது பணம் மட்டுமல்ல.

சரி, செய்ய வேண்டியது. முதலில் நோட்டீஸ், 15 நாள் கெடு. பதில் திருப்தியாக இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கிவருவதுண்டு. அதற்கும் அசையாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், சர்வீஸ் சென்டர் எங்கே இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். கால வரம்பு 2 ஆண்டு. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

ஆனால் நோட்டீஸ் தயாராகும் வரை காத்திருக்காமல் இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “என் காரிலிருந்து கழற்றிய இரண்டு டிஸ்க்குகளும் என் சொத்து. அவற்றைப் பத்திரப்படுத்தித் திருப்பித் தரவும். விற்றிருந்தால் எந்தத் தேதியில், யாருக்கு என்று தெரிவிக்கவும்.” ஸ்கிராப் வண்டி தினமும் வருவதில்லை. ஆறு நாள்தான் ஆகிறது என்பதால், ஒர்க்ஷாப்பின் பின்பக்கத்தில் அவை இன்னும் கிடக்கலாம். கிடைத்தால் வரப்பைத் துடைக்காமல், எண்ணெய் போடாமல், அப்படியே சாக்கில் கட்டி வையுங்கள்.